கூர்தலும் கழிதலும்

ஆங்கிலத்தில் ‘இன்கிரீசிங்லி’ என்றொரு வினையடை உண்டு. ஒன்று மிகுதியாக இருப்பதை அது சொல்வதில்லை. முன்பே இருப்பது மேலும் மேலும் மிகுந்து வருவதைச் சொல்கிறது. கணினி இதைப் ‘பெருகிய முறையில்’ என்று பெயர்க்க, நம் மாணவர்களும் அவ்வாறே எழுதுகிறார்கள். பெருகிய என்பதோ இறந்தகாலம். பெருகி முடிந்த வெள்ளமும் பெருகிவரும் வெள்ளமும் கரையில் நிற்பவனுக்கு ஒன்றாகுமா?

இவ்வேறுபாட்டைத் தொல்காப்பியர் அறிந்திருந்தார். உரியியலில் உறு, தவ, நனி மூன்றுக்கும் மிகுதி என்று பொருள் கூறியவர், கூர்ப்பு, கழிவு இரண்டையும் அவற்றோடு சேர்க்கவில்லை. வேறொரு நூற்பாவில் தனியே நிறுத்தி, ஏற்கெனவே உள்ளதொன்று மேலும் சிறப்பதை அவை உணர்த்தும் என்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார், ‘சால’வையும் கூட்டி, ஆறு சொற்களையும் மிகுதி என்ற ஒரே பொருளில் ஒரே நூற்பாவுக்குள் அடக்கிவிட்டார். மனப்பாடம் செய்ய எளிது என்பது உண்மை. நாமும் அப்படிப் படித்தவர்களே. ஆயினும் அந்தச் சுருக்கத்தில் ஒரு நுட்பம் மறைந்தது என்றே கருதுகிறோம்.

ஏட்டில் மறைந்தது மனுவில் வாழ்கிறது. திங்கட்கிழமைகளில் திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்துக்கு மக்கள் கொண்டுவரும் மனுக்களில் ‘தயைகூர்ந்து’ என்ற சொல்லைப் பார்க்கலாம். தங்களிடம் உள்ள தயை என்பொருட்டு இன்னும் மிகுக என்பதே அதன் உட்பொருள். எழுதுபவர் உரியியலை நினைப்பதில்லை என்பது வேறு.

பேச்சுத் தமிழ் இதற்கு வினையடுக்கையே நம்பியிருக்கிறது. ‘வரவர’ என்றால் மாற்றம் இந்நாள்வரை வந்து நம்மைத் தொடுகிறது. பெரும்பாலும் குறைப்பட்டுக்கொள்ளும் தொனி அதற்கு. ‘போகப்போக’ என்றால் இனி வரப்போவது. அதில் ஆறுதலும் இருக்கலாம், எச்சரிக்கையும் இருக்கலாம். ஆங்கிலத்தின் அந்த ஒரு சொல்லுக்கு இப்படித் திசை கிடையாது.

சிறுமலைக்கும் பழனிமலைக்கும் இடைப்பட்ட இச்சமவெளியின் சித்திரையைப் பற்றி, ‘வெயில் பெருகிய முறையில் வாட்டுகிறது’ என்று விடைத்தாளில் எழுதும் மாணவர், பேருந்து நிலையத்தில் நம்மைக் கண்டதும், “வரவர வெயில் தாங்க முடியலைங்கய்யா” என்கிறார்.