ஒரு பிள்ளையின் நோய், ஒரு குடும்பத்தின் எச்சரிக்கை

வாத இதயநோயின் வரலாற்றில் 1889ஆம் ஆண்டை முக்கியமானதாகக் கருதுகிறேன். இலண்டனில் சிறுவர் நோய் வைத்தியராகப் பெயர்பெற்றிருந்த வோல்டர் பட்லர் சீடில் அவ்வாண்டு ஆற்றிய விரிவுரைகளில் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். குடும்பத்தில் எவருக்காவது வாதக்காய்ச்சல் வந்திருந்தால், அக்குடும்பத்தில் பிறந்தவருக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம் என்பதே அது.

இந்நோய் தொண்டைநோவில் தொடங்குகிறது. ஏ பிரிவு ஸ்ரெப்டோகொக்கஸ் என்ற பக்டீரியாவை எதிர்க்கக் கிளம்பும் நோயெதிர்ப்புச் சக்தி, சில பிள்ளைகளில் சொந்த உடலையே தாக்குகிறது. மூட்டுவீக்கம் ஆறிவிடும், இதய வால்வில் விழுந்த வடு பலரில் ஆறுவதில்லை. நெருக்கடியான வீடுகளில் கிருமி எளிதில் பரவுகிறது. பரம்பரையும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது.

சீடிலின் காலத்தில் இதயத்தை அறிய ஸ்டெதஸ்கோப்பும் வைத்தியரின் செவியுமே துணை. 2007இல் வெளியான ஆய்வொன்று அதன் போதாமையைக் காட்டியது. கம்போடியாவில் 3,677 பாடசாலைப் பிள்ளைகளில் வழமையான பரிசோதனையின் வழி 8 பேருக்கே நோய் உறுதியானது. எக்கோ கருவியோ 79 பேரைக் காட்டியது. மொசாம்பிக்கிலும் இதே நிலைதான்.

எல்லாப் பிள்ளைகளையும் எக்கோவில் பார்ப்பதற்கு வறிய நாடுகளில் பணமுமில்லை, பயிற்சி பெற்றவர்களும் போதாது. அப்படியாயின் எங்கே தொடங்குவது? நோயாளியின் வீட்டிலிருந்து என்பதே சீடிலின் கணக்குச் சொல்லும் விடை. வட உகண்டாவில் நடந்த ஆய்வொன்றும், நோயுள்ள பிள்ளைகளின் சகோதரரிடையே நோய் கூடுதலாகக் காணப்படுவதை வெளிப்படுத்தியது.

கண்டறிந்து என்ன பயன் என்ற கேள்விக்கும் உகண்டாவிலிருந்தே பதில் வந்தது. அறிகுறியில்லாத ஆரம்பநிலை நோயுடன் இருந்த 818 பிள்ளைகள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி பெற்றவர்களில் இரண்டு ஆண்டுகளில் 3 பேருக்கே நோய் முற்றியது. பெறாதவர்களில் 33 பேருக்கு முற்றியது. ஊசி பெறாதோரிலும் பெரும்பாலானோருக்கு முற்றவில்லை என்பதையும் பெற்றோருக்குச் சொல்லவேண்டும். எக்கோவில் தெரியும் சிறு மாற்றம் மரண ஓலை அன்று.

மூச்சிரைக்கும் மகனைத் தாய் வைத்தியசாலைக்குத் தூக்கிவருகிறாள். வீட்டு முற்றத்தில் ஓடி விளையாடும் இளையவளை எவரும் நோயாளியாக நினைப்பதில்லை. அந்தத் தாயிடம் "வீட்டில் வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்று கேட்பதற்குச் செலவில்லை. அந்த ஒரு கேள்வி இளையவளின் இதயத்தைக் காப்பாற்றக்கூடும்.