கறிவேப்பிலைப் புழுவின் வரலாறு

தேக்காவில் வாங்கிய கறிவேப்பிலைக் கன்று, வீவக வீட்டின் நடைவழியில் தழைத்ததும் பச்சைப் புழுக்கள் வந்துவிடுகின்றன என்று பெற்றோர் பலர் குறைபட்டுக்கொள்வர். அப்புழுவுக்கு அறிவியலில் தனியிடம் உண்டு.

1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் வந்திறங்கிய ஆல்பிரட் ரசல் வாலஸ், புக்கிட் தீமாவில் பாதிரிமாருடன் தங்கிக் காட்டுப் பூச்சிகளைச் சேகரித்தார். பின்னர் மலாய்த் தீவுகளில் ஏறத்தாழ எட்டாண்டுகள் சுற்றினார். 1865இல் அவர் வெளியிட்ட ஆய்வில் நம் புழுவின் தாயினமும் இடம்பெற்றது. ஆங்கிலத்தில் காமன் மார்மன். தமிழில் கறிவேப்பிலை அழகி. ஆண் கருநிறம், பின்னிறகில் வெண்புள்ளி வரிசை. பெண்களுள் சில ஆணைப் போலவே இருக்கும். வேறு சிலவோ சிவப்புப் புள்ளிகளுடன் பிறிதோர் இனமாகவே தோன்றும்.

அப்பிறிதோர் இனம் காமன் ரோஸ். இங்குள்ள இயற்கைக் கழகம் 2015இல் நடத்திய வாக்கெடுப்பில் சிங்கப்பூரின் வண்ணத்துப்பூச்சியாகத் தேர்வுபெற்றதும் இதுவே. இதன் புழு, ஆடுதின்னாப்பாளையின் உறவுக்கொடிகளைத் தின்று வளர்கிறது. (அதன் நச்சுத்தன்மையைப் பெயரிலேயே பொதிந்துவைத்த நம் முன்னோரை வகுப்பில் நான் சொல்லாமல் விடுவதில்லை.) அந்நஞ்சு உடலில் தங்குவதால் பறவைகள் இதனை ஒதுக்குகின்றன. நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகி இத்தோற்றத்தைப் போர்த்திக்கொண்டு தப்பிக்கிறது என விளக்கினார் வாலஸ். 'டபிள்செக்ஸ்' என்னும் ஒற்றை மரபணுவே இவ்வேடத்தை ஆள்கிறது என்பது 2014இல் தெரியவந்தது.

இளம்புழு பறவை எச்சம்போல் இருக்கும். கடைசிப் பருவத்தில்தான் பச்சை நிறம். சீண்டினால் தலைக்குப் பின்னிருந்து சிவந்த கொம்பு நீளும், நாற்றமும் வீசும், கடிக்காது. ஒரு கிளையை அதற்கு விட்டுக்கொடுங்கள். கூட்டுப்புழுவான பின் ஏறத்தாழப் பத்து நாள். பெண்ணாயின் எந்த உருவில் வெளிவரும் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டலாம்.