பீரங்கிக்கு முன் நின்ற மண் மதில்

கோட்டை, பீரங்கி என்றதும் நம் எண்ணம் கடற்கரைக்கே ஓடுகிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரரும், 1620இல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரரும் கடலை நோக்கிப் பீரங்கிகளை நிறுத்தினர். ஆயின் ஐரோப்பியப் பீரங்கி திகைத்து நின்ற களங்கள் கடலுக்கு வெகு தொலைவில், நம் சங்கரன்கோவிலுக்கு வடமேற்கே உள்ளன. பூலித்தேவரின் நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூருமே அவை.

அறபியில் பீரங்கியை ‘மித்ஃபஉ’ என்பர். ‘தள்ளி அகற்றுதல்’ எனும் பொருளுடைய வினையடியிற் பிறந்த சொல் அது. தமிழிலோ, அதைக் கொணர்ந்த பறங்கியரின் பெயரே கருவிக்கும் பெயராயிற்று. குண்டின் எடையைக் குறித்த ‘இராத்தலும்’ அறபியின் ‘ரத்ல்’ தான்.

1755இல் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவலை வளைத்தார். 6 இராத்தல் குண்டெறியும் களப் பீரங்கிகள் மதிலுடைக்கப் போதா. 18 அல்லது 24 இராத்தல் பீரங்கிகள் வேண்டும். அத்தகைய கனத்த பீரங்கிகள் இன்மையால் அவர் வெறுங்கையுடன் திரும்பினார். கல் மதில் குண்டுபட்டால் பிளந்து சரியும். குழைத்து அறைந்த மண் மதிலோ குண்டைத் தன்னுள் விழுங்கிக்கொள்ளும்.

ஹெரானுடன் வந்த மாபூஸ்கான், ஆர்க்காட்டு நவாப் முகம்மதலியின் தமையனார். அவரே பின்னர் பூலித்தேவருடன் கைகோத்தார். மறுபுறம், பூலித்தேவரை எதிர்த்துக் கும்பினிப் படையை நடத்தியவர் கம்மந்தான் யூசுப்கான். இப்போரைச் சமயப் போராகத் திரிப்போர் இவ்விருவரையும் எங்ஙனம் வகைப்படுத்துவரோ, நாம் அறியோம்!

1759இல் யூசுப்கான் திருவிதாங்கூர்ப் படையின் துணையுடன் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டும் பயனில்லை. 1761இலேயே இக்கோட்டைகள் அவர் வசமாயின. ஈராண்டு கழியுமுன் அவரே கும்பினியையும் நவாபையும் எதிர்த்து மதுரைக் கோட்டையில் நின்றார். உடனிருந்தோரே பிடித்துக் கொடுக்க, 1764 அக்டோபர் 15இல் (ஹிஜ்ரி 1178) தூக்கிலிடப்பட்டார். மதுரை சம்மட்டிபுரத்தில் அடங்கியுள்ளார். அவரை வீரர் என்றே போற்றும் நம்மவர், நெற்கட்டும்செவலில் அவர் யார் பக்கம் நின்றார் என்பதையும் சேர்த்தே சொல்லுதல் நேர்மை.

மீண்டும் எழுந்த வாசுதேவநல்லூரை 1767இல் கர்னல் டொனால்டு காம்பெல் தாக்கினார். மதிலிற் பிளவு விழுந்த இடத்தில், குண்டு மாரிக்கிடையே, பனைமரங்களையும் வைக்கோலையும் திணித்து அடைத்தனர் உள்ளிருந்தோர். ஒருவர் வீழ்ந்தால் அவ்விடத்தில் மற்றொருவர் வந்து நின்றார். அவர்தம் துணிவைக் கண்டு வியந்து எழுதியவர் பகைவராகிய காம்பெலே. அவ்வீரர்களின் பெயர்களை அவர் எழுதவில்லை.

1801இல் பாளையக்காரர் எழுச்சியை ஒடுக்கிய கும்பினியார், எஞ்சிய கோட்டைகளை இடித்து, குடிகளின் ஆயுதங்களையும் பறித்தனர்.