ஒரு நகரில் இரு இசைவிழாக்கள்

1943-ஆம் ஆண்டு மார்கழியில் சென்னை மாநகரத்து இசையன்பர்க்கு ஒரு புதிய இக்கட்டு நேர்ந்தது. அதுகாறும் விழாவுக்குச் செல்வதா, வீட்டில் இருப்பதா என்பதே வினா. அவ்வாண்டிலோ எவ்விழாவுக்குச் செல்வது என்பதும் வினாவாயிற்று. அருமேனியன் தெருவிலுள்ள செயிண்ட் மேரி மண்டபத்தில் தமிழ் இசைச் சங்கம் தன் முதல் விழாவை நடத்தியது. சங்கீத வித்வத் சபையின் விழாவும் அப்பருவத்திற்கே உரியது. இந்தியன் பைன் ஆர்ட்ஸ் சொசைட்டி 1932 முதலே இயங்கி வந்ததாயினும், அதற்கும் சபைக்கும் இடையே கொள்கைப் பூசல் யாதும் இல்லை. தமிழ் இசைச் சங்கமோ ஒரு கொள்கையை முன்னிறுத்தியே பிறந்தது. ஆதலின் எம்மண்டபத்தில் ஒருவர் அமர்ந்தார் என்பதே அவர் எக்கட்சியினர் என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

வித்வத் சபையின் தோற்றம் அரசியல் மேடையை ஒட்டியது. 1927 திசம்பரில் சென்னையில் காங்கிரசு மகாசபை கூடியபோது அதனுடன் அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் நடைபெற்றது. அதன் விளைவாக 1928 ஆகத்துத் திங்களில் சபை தொடங்கிவைக்கப்பெற்றது. கச்சேரி நடத்துவது மட்டுமன்றி, இலக்கணம் ஆராய்வதும் வித்துவான்களைக் கூட்டி இராக இலக்கணங்களை வரையறுப்பதும் அதன் பணிகளாயின. இந்நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் மேடையில் ஒலித்தவற்றுள் பெரும்பாலன தெலுங்கும் வடமொழியுமே. தமிழ்ப் பாடல்கள் கச்சேரியின் கடைப்பகுதியில், துக்கடா என்னும் பெயரோடு, களைத்த செவிகளுக்கு வழங்கப்பட்டன. விருந்தின் இறுதியில் வரும் வெற்றிலை போல் தமிழ் அமைந்தது எனலாம்.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் செட்டிநாட்டரசர் இராசா சர் அண்ணாமலைச் செட்டியார் ஆவர். சிதம்பரத்தில் தாம் நிறுவிய பல்கலைக்கழகத்தில் இசைக்கென ஒரு கல்லூரியை அவர் முன்பே ஏற்படுத்தியிருந்தார். 1940-இல் தமிழ்ப் பாடல்களை வளர்ப்பதற்கென 10,000 ரூபா வழங்கினார். 1941 ஆகத்தில் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடிற்று. தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாடல்களே மிகுதியாக இடம்பெற வேண்டும் என்பது அதன் கோரிக்கை. வித்வத் சபையும் அவ்வாண்டிலேயே தன் நிலையைத் தெரிவித்தது: மொழியைக் காரணமாகக் காட்டிச் செவ்விசையின் தரம் தாழ இடங்கொடுக்கலாகாது என்பது அதன் கருத்து. பத்திரிகைகளில் வாதம் மூண்டது. கல்கி கிருட்டிணமூர்த்தியின் எழுதுகோல் தமிழிசையின் சார்பில் ஓயாது இயங்கியது. இராசாசியும் ஆதரவு நல்கினார்.

இவ்விரு கட்சிகளின் கூற்றுகளையும் நடுநின்று நோக்குதல் வரலாற்று மாணவர் கடன். சபையின் பக்கத்தில் நின்றோர் எல்லாரையும் தமிழ்ப் பகைவர் என்று ஒதுக்குதல் பொருந்தாது. திருவாரூரில் தோன்றிய மூவரின் கீர்த்தனைகளில் அமைந்துள்ள சங்கதிச் செறிவும் இராக வடிவும் பிற பாடல்களில் எளிதிற் கிடைப்பன அல்ல என்று அவர் கூறியது உண்மையான இசையனுபவத்தினின்று பிறந்த கூற்றே. ஆயின் அச்செறிவு எங்ஙனம் வந்தது என்று அவர் வினவவில்லை. தியாகராசரின் கிருதிகளை அவருடைய மாணவர் பரம்பரை தலைமுறை தலைமுறையாகப் பாடி மெருகேற்றியது. சீகாழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகப் பாடல்களுக்கும் முத்துத்தாண்டவர் பதங்களுக்கும் அத்தகைய தொடர்ந்த பேணல் கிட்டவில்லை. பல பாடல்களின் பழைய மெட்டுகளே மறைந்தன. பாடாதொழிந்த பாட்டு மெருகு பெறாது. மெருகு பெறாமையைக் காட்டிப் பாட மறுப்பது, நீர் பாய்ச்சாத வயலைத் தரிசு என்று பழிப்பதை ஒக்கும். இக்கண்ணோட்டத்தில் எம் தீர்ப்பு சங்கத்தின் பக்கமே சாயும்.

சங்கத்தின் பெரும்பணி கச்சேரியில் அன்று, ஆராய்ச்சியிலேயே விளங்கியது என்பது எம் துணிபு. 1949 முதல் அது கூட்டிய பண் ஆராய்ச்சி மாநாடுகளில் ஓதுவார்களும் வித்துவான்களும் புலவர்களும் ஓரவையில் அமர்ந்து தேவாரப் பண்களை ஆராய்ந்தனர். கோயிலில் மட்டும் ஒலித்த பண்ணிசை கலைமன்றத்தில் ஆராயத்தக்க பொருளாயிற்று. 1952-இல் உயர்நீதிமன்றத்திற்கு அணித்தே அண்ணாமலை மன்றம் எழுந்தபின் இப்பணிக்கு நிலையான இடமும் வாய்த்தது. ஈழத்தவராகிய நாம் ஈண்டு நினைவுகூர வேண்டியவர் விபுலானந்த அடிகள். காரைதீவில் தோன்றி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய அவர், பழந்தமிழர் யாழையும் பண்ணையும் ஆராய்ந்து 1947-இல் யாழ் நூலை அரங்கேற்றினார். அவ்வாண்டிலேயே மறைந்தார்.

சென்னையின் இப்பூசல் மலைநாட்டுக்கு எட்டியதா என்று மாணவர் வினவக்கூடும். 1885-இல் புகைவண்டி நானுஓயாவை அடைந்தது. ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட இந்நிலையத்தில் ஏறிய ஒருவர் பொல்காவலையில் வண்டி மாறித் தலைமன்னார் சென்று, கப்பலேறித் தனுக்கோடியில் இறங்கி, மீண்டும் வண்டியேறிச் சென்னை எழும்பூரை அடையலாம். 1914 முதல் இவ்வழி இருந்தது. ஆயின் அவ்வழியே இசைவிழாவுக்குச் செல்லும் வசதி தோட்டத்துக் கொழுந்து பறிப்பவர்க்கு ஏது? வழி ஒன்று, பயணமோ இருவகை: வசதியுடையார் விரும்பிச் சென்று மீண்டனர், தொழிலாளர் மண்டபம் முகாமைக் கடந்து பிழைப்பு நாடி வந்தனர். 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய பின்னர், சென்றவர் மீள்வதே கேள்விக்குறியாயிற்று. 1964 அக்டோபரில் சிறிமா – சாத்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அவ்வாண்டு திசம்பரில், இசைவிழாப் பருவத்திலேயே, புயல் தனுக்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரம் வழியாகச் சென்ற கப்பல்களில் ஏறியவருட் பலர் பாட்டுக் கேட்கச் சென்றவர் அல்லர், திரும்பி வாராதவர்.

மலைநாட்டில் இரு விழாக்களுக்கிடையே தேர்வு என்பதே எழவில்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவும் காமன் கூத்தும் தப்பொலியும், லயத்தில் தாய் பாடிய தாலாட்டும் முழுமையும் தமிழே. பொருள் விளங்காத பாட்டை உயர்ந்தது எனக் கருதும் வழக்கம் தேயிலை மலையில் வேர்கொள்ளவில்லை. செவ்விசை இங்கு வந்தது பெரும்பாலும் வானொலி வாயிலாகவே. வானொலியில் திருகு குமிழே தேர்வு. எவ்விழாவின் பாட்டு என்று எவரும் வினவார்.

பிற்காலத்தில் இரு விழாக்களின் இடைவெளி குறைந்தது. கச்சேரி முறையை வகுத்தவராகக் கருதப்படும் அரியக்குடி இராமானுச ஐயங்கார் ஆண்டாளின் திருப்பாவை முப்பதுக்கும் இசையமைத்து மேடைக்குத் தந்தார். பாபநாசம் சிவனுக்கு வித்வத் சபை 1971-இல் சங்கீத கலாநிதிப் பட்டம் வழங்கியது. ஒரே பாடகர் இரு மண்டபங்களிலும் பாடுதல் இயல்பாயிற்று. இன்றும் இரு விழாக்களும் திசம்பரில் நடைபெறுகின்றன. கட்சி கட்டிச் செல்வோர் அருகினர். போக்குவரத்தையும் உணவுச்சாலையின் சுவையையும் எண்ணித் தேர்வோர் பெருகினர் என்று நண்பர் ஒருவர் நகையாடுவதுண்டு.