அழைப்பும் அழைக்கப்படாதவரும்

ஒரு சபைக்குப் போதகர் எவ்வாறு வருகிறார்? மேலிடத்தார் அனுப்ப வருகிறாரா, சபையார் அழைக்க வருகிறாரா? லுத்தரன் திருச்சபையின் வரலாறு நெடுகிலும் ஒலித்துவரும் வினா இது. தமிழ் மண்ணில் இவ்வினாவுக்குக் கிடைத்த விடை பெருமைக்குரியதாகவும், அதே வேளையில் நெஞ்சை உறுத்துவதாகவும் அமைந்தது. அதனை ஈண்டு நோக்குவோம்.

1523-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள லைஸ்னிக் என்னும் ஊர் மக்கள், தங்கள் போதகரைத் தாங்களே தெரிந்தெடுக்க விரும்பினர். அவர்களுக்குத் துணையாக மார்ட்டின் லுத்தர் ஒரு சிறு நூல் எழுதினார். போதனையைச் சீர்தூக்கிப் பார்க்கவும், போதகரை அழைக்கவும், தேவைப்படின் விலக்கவும் சபைக்கு உரிமை உண்டு என்பதே அதன் சாரம். பின்னர் 1530-இல் வெளிவந்த ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, தன் 14-ஆம் பிரிவில், முறையாக அழைக்கப்படாத எவரும் சபையில் போதிக்கவோ, ஞானஸ்நானமும் திருவிருந்தும் வழங்கவோ கூடாது என வரையறுத்தது. ஆக, அழைப்பின்றிப் போதகர் இல்லை என்பது லுத்தரன் மரபின் அடிப்படையாயிற்று.

இம்மரபு 1706-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் கால் வைத்தது. சீகன்பால்கும் புளூட்சோவும் டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கால் அனுப்பப்பட்டவர்கள். அவர்களை அழைப்பதற்கு அங்கே தமிழ்ச் சபை எதுவும் இருக்கவில்லை. சபையே அவர்களது உழைப்பால் உருவானது. ஆனால் அவ்வுழைப்பு அவர்களுடையது மட்டுமன்று. வீடுதோறும் சென்று போதித்த உபதேசியார்களும், பள்ளி நடத்திய ஆசிரியர்களும் இன்றி அச்சபை வளர்ந்திருக்க இயலாது. இவர்கள் மிசனிடம் ஊதியம் பெற்ற ஊழியர்கள். போதிக்கலாம், செபிக்கலாம், நோயாளரைச் சந்திக்கலாம். ஆயின் திருவிருந்து வழங்கும் உரிமை இவர்களுக்கு இல்லை. அதற்குக் குருப்பட்டம் வேண்டும்.

அக்குருப்பட்டம் முதன்முதலில் ஒரு தமிழருக்குக் கிட்டியது 1733-இல்தான். கடலூரில் ஆறுமுகம் என்னும் பெயருடன் சைவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, 1718-இல் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் எனப் பெயர் பூண்டவர், பல்லாண்டுகள் உபதேசியாராக உழைத்தார். கோபன்கேகனில் இருந்த மிசன் சங்கத்தின் இசைவு கிடைத்த பின்னர், 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயத்தில் அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. இந்தியருள் முதல் புராட்டஸ்டண்டுப் போதகர் ஒரு தமிழர் என்பது நாம் தலைநிமிர்ந்து சொல்லத்தக்க செய்தியன்றோ!

இத்துடன் கதை முடிந்திருந்தால் பெருமை மட்டுமே எஞ்சியிருக்கும். ஆயின் 1741-இல் மற்றொரு தமிழருக்குக் குருப்பட்டம் அளிக்கக் கருதியபோது, ராஜநாயக்கன் என்னும் உபதேசியாரின் பெயரும் எண்ணிப் பார்க்கப்பட்டது. அவர் தஞ்சை மன்னரின் படையில் பணிபுரிந்தவர். ரோமன் கத்தோலிக்கராக இருந்து, தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதநூலைப் படித்து லுத்தரன் சபையில் சேர்ந்தவர். ஐரோப்பியர் தஞ்சை நாட்டினுள் எளிதில் நுழைய இயலாத அக்காலத்தில், பலத்த எதிர்ப்புகளுக்கிடையே அங்குச் சபையை வளர்த்தவர் அவர். அறிவிலும் உழைப்பிலும் குறையற்றவர். எனினும் அவர் தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அவர் கையால் திருவிருந்து பெற உயர்குலத்துக் கிறிஸ்தவர்கள் தயங்குவர் என்று மிசனரிமார் கருதினர். குருப்பட்டம் தியோகு என்பவருக்குச் சென்றது. ராஜநாயக்கன் 1771-இல் மறையும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். சபையின் மனம் அறிந்து போதகரைத் தெரிந்தெடுப்பது லுத்தர் போற்றிய நெறி. ஆனால் அந்த மனமே சாதியால் கட்டுண்டிருக்குமாயின், சபையின் விருப்பம் எனும் நன்னெறியே அநீதிக்குக் கருவியாகிவிடும். லைஸ்னிக் மக்களுக்கு விடுதலையளித்த அதே கோட்பாடு, தரங்கம்பாடியில் ஒரு தகுதியாளரின் வழியை மறித்தது. குறை கோட்பாட்டில் இல்லை. அதைக் கையாண்ட உள்ளங்களில் இருந்தது.

காலம் நகர்ந்தது. 1919-இல் தமிழ் சுவிசேட லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. 1921-இல் அதன் முதல் பேராயரானவர் சுவீடனைச் சேர்ந்த ஏர்ன்ஸ்டு ஹாய்மன். தமிழரான ராஜா மாணிக்கம் பேராயர் பொறுப்பேற்றது 1956-இல். ஆரோனின் குருப்பட்டத்துக்கும் இந்நிகழ்வுக்கும் இடையே 223 ஆண்டுகள்!

பிழைப்பு நாடி மலாயாவுக்குக் கடல் கடந்த தமிழ் லுத்தரன் மக்கள் இம்மரபையும் உடன் கொணர்ந்தனர். தொடக்கத்தில் அவர்களுக்குத் தமிழகத்திலிருந்தே போதகர்கள் வந்தனர். 1960-களில் இங்குள்ள லுத்தரன் மக்கள் தனித் திருச்சபையாக அமைந்தனர். தங்களுக்குரிய போதகரைத் தங்களுக்குள்ளிருந்தே தெரிந்தெடுக்கும் பொறுப்பு அவர்கள் தோள்மீது வந்தது.

அவ்வுரிமையைப் பயன்படுத்தும் எச்சபையும் ஆரோனை நினைந்து மகிழலாம். ஆனால் ராஜநாயக்கனையும் மறத்தலாகாது. வாக்குச் சீட்டைக் கையில் ஏந்தும்போது, தகுதி வாய்ந்த எவர் பெயரையேனும் தகாத காரணத்தால் ஒதுக்குகிறோமா என ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாயின், அழைக்கப்படாத அந்த உபதேசியாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.