கக்கத்தில் வந்த நோட்டு

1910-இல் திருக்கோவிலூர் டெபுடி கலெக்டர் வி. ராமசுவாமி ஐயரைப் பார்க்க ஓர் இளைஞர் வந்தார். கேட்டது குமாஸ்தா வேலை. கும்பகோணம் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேர்வு தேறவில்லை, பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. கல்யாணம் மட்டும் ஆகியிருந்தது. சான்றிதழுக்குப் பதிலாக அவர் நீட்டியது ஒரு கணக்கு நோட்டு.

சீனிவாச ராமானுஜன் ஆளைப் பார்த்துத்தான் போயிருக்கிறார். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் இந்த ராமசுவாமி ஐயர். நோட்டைப் புரட்டியவருக்கு, இப்படிப்பட்டவரை ரெவின்யூ இலாகாவின் அடிமட்ட வேலையில் போட்டு மழுங்கடிக்க மனம் வரவில்லை. வேலைக்குப் பதில் சென்னை நண்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்தார். வேலை கேட்டவர் கையில் கடிதத்தைக் கொடுத்தால் நம் ஊரில் அதற்குத் தட்டிக்கழிப்பது என்றுதான் பெயர். இந்த முறை அப்படி ஆகவில்லை.

கும்பகோணத்தில் ராமானுஜனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த சேஷு ஐயர் அப்போது மாநிலக் கல்லூரியில் இருந்தார். அவர் கைகாட்டியது நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவை. குள்ளமான, பருத்த உடல், சவரம் செய்யாத முகம், அவ்வளவாகச் சுத்தமில்லாத தோற்றம், பளிச்சிடும் கண்கள், கக்கத்தில் நைந்த நோட்டு: ராவ் பின்னாளில் எழுதிவைத்த சித்திரம் இது. நோட்டில் இருந்தது முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. ராமானுஜன் சளைக்கவில்லை. எளிய முடிவுகளிலிருந்து ஆரம்பித்து, நீள்வட்டத் தொகையீடு, மீப்பெருக்குத் தொடர் என்று படிப்படியாக அழைத்துப்போய், கடைசியில் விரிதொடர்களில் கொண்டு நிறுத்தினார். ராவ் மாறிவிட்டார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, ஆராய்ச்சி செய்துகொண்டே உயிர் வாழ ஒரு சிறு தொகை என்று பதில் வந்தது. மாதம் 25 ரூபாய் கிடைத்தது.

எதிரில் இருப்பவருக்கு எட்டும் இடத்தில் தொடங்கத் தெரிந்திருந்ததுதான் அன்று காரியத்தைச் சாதித்தது. ஆனால் நோட்டுக்கு அந்தக் குணம் கிடையாது. காகிதத்துக்கு விலை அதிகம்; கணக்கெல்லாம் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்துவிட்டு முடிவை மட்டும் நோட்டில் ஏற்றுவது அவர் வழக்கம். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்த பிறகு, மேலதிகாரி நாராயண ஐயர் இதோடு மல்லுக்கட்டினார். இரண்டு வரிகளுக்கு நடுவே பத்து வரியாவது எழுது என்று அவர் வற்புறுத்தியதாக அவருடைய மகன் சொல்லியிருக்கிறார்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்தக் கதவுகள் எல்லாம் ஒரே பிராமண வட்டத்தின் கதவுகள். அதே நோட்டு வேறொருவர் கக்கத்தில் இருந்திருந்தால் திருக்கோவிலூரிலேயே வாசலோடு நின்றிருக்கக்கூடும்.

நாராயண ஐயருக்கு மேலே துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் இருந்தார்; முயற்சி அவரோடும் நிற்கவில்லை. பொறியியல் கல்லூரியின் கிரிஃபித், லண்டனில் பேராசிரியர் ஹில்லுக்கு எழுதினார்; அங்கிருந்து அறிவுரை வந்தது, அதற்குமேல் ஒன்றுமில்லை. கேம்பிரிட்ஜில் பேக்கரும் ஹாப்சனும் கைகொடுக்கவில்லை. 1913 ஜனவரி 16 தேதியிட்டு அதே கேம்பிரிட்ஜின் கணித அறிஞர் ஹார்டிக்குப் போன கடிதம்தான் பலித்தது. நோட்டு போகவில்லை, அதிலிருந்து பொறுக்கிய தேற்றங்கள் போயின.

நோட்டு சென்னையிலும் சும்மா இருக்கவில்லை. பிப்ரவரியில் துறைமுகத்துக்கு வந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அதைப் பார்த்தார். இது தன் துறை அல்ல, ஆனாலும் இவருக்கு வழிசெய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பட்டம் இல்லாதவருக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வந்தது. இந்த வரிசையில் நோட்டை முழுக்கப் புரிந்துகொண்டவர் என்று ஒருவரையும் சொல்ல முடியாது. அடுத்து யாரிடம் காட்டலாம் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1914 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்கு விரிவுரைக்கு வந்த கணித அறிஞர் நெவிலிடம், அறைக்குக் கொண்டுபோய் நிதானமாகப் பாருங்கள் என்று ராமானுஜனே நோட்டைக் கொடுத்தார். அதைவிடப் பெரிய மரியாதை தனக்குக் கிடைத்ததில்லை என்று நெவில் கருதினார். மார்ச் 17-இல் ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

பச்சை மசியில் எழுதிய முதல் நோட்டு, 1919-இல் அவர் ஊர் திரும்பியபோது ஹார்டியிடம் தங்கிவிட்டது. 1925-இல் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் பல்கலைக்கழக நூலகர் எஸ். ஆர். ரங்கநாதன். அதையும் சேர்த்து ராமானுஜனின் மூன்று நோட்டுகளும் அங்கே கையால் படியெடுக்கப்பட்டு, அந்தப் பிரதிகள் ஹார்டிக்குப் போயின. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1957-இல் நோட்டுகளைப் புகைப்படப் பதிப்பாக இரண்டு தொகுதிகளில் வெளியிட்ட பிறகு, யாருடைய சிபாரிசும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் அவற்றைப் புரட்ட முடிந்தது.