இரயில்வே கேட்டும் ஓட்டுநரின் அமானிதமும் – ஒரு வரலாற்றுப் பார்வை



இரயில்வே கேட் அடைபட்டிருக்கும்போது நாம் நின்று பொறுமை இழக்கிறோம். அது திறந்திருக்கும்போது நம் வாகனம் வேகம் குறையாமல் பாய்கிறது. இந்த இரண்டு நிலைகளிலும் ஓட்டுநருக்கு ஒரு கடமை உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தக் கடமை எங்கிருந்து வந்தது, இடையில் அது எவ்வாறு மறக்கப்பட்டது என்பதை வரலாற்றின் வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமது ஊரும் இருப்புப்பாதையும்

திருநெல்வேலிக்கு இரயில் வந்த ஆண்டு 1876. மணியாச்சியிலிருந்து பிரிந்த கிளைப்பாதை நம் நகரை அடைந்தது. பின்னர் 1902-இல் கல்லிடைக்குறிச்சி வரையிலும், 1903-இல் செங்கோட்டை வரையிலும் பாதை நீண்டது. பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணிக் கரையூர்களைத் தொட்டுச் செல்லும் பாதை இதுவே. 1923-இல் திருச்செந்தூர்ப் பாதையும் திறக்கப்பட்டது.

அந்நாளில் பாதையைக் கடந்தவை பெரும்பாலும் மாட்டு வண்டிகளே. மீட்டர்கேஜ் பாதையில் வந்த நீராவி இஞ்சினின் புகை தொலைவிலேயே தெரிந்துவிடும். அதன் இரைச்சல் அதற்கு முன்னரே காதில் விழுந்துவிடும். 2012-இல் திருநெல்வேலி – தென்காசி பாதை அகலப்பாதையாயிற்று. பின்னர் மின்மயமாகியும் விட்டது. இன்று வரும் இரயிலுக்குப் புகை இல்லை, முன்போன்ற இரைச்சலும் இல்லை, வேகமோ பன்மடங்கு. "வந்தால் தெரியாதா?" என்ற பழைய நம்பிக்கை நம்மில் பலரிடம் அப்படியே நிற்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக இருந்த புகையும் சப்தமும்தான் போய்விட்டன.

கேட்டுக்குப் பதிலாகப் பாலம் அமைப்பதே நிரந்தரத் தீர்வு என்பதை நம் நகரம் முன்னரே உணர்ந்திருந்தது. சந்திப்பு இரயில் நிலையத்தை ஒட்டி எழுந்த ஈரடுக்கு மேம்பாலம் 1973-இல் திறக்கப்பட்டது. பேருந்து முதலிய வாகனங்களுக்கு மேல் தட்டும், மிதிவண்டி முதலியவற்றிற்குக் கீழ்த் தட்டுமாக அமைந்த அப்பாலம், இரயிலையும் சாலையையும் சந்திக்கவிடாமல் பிரித்து வைத்தது. ஆயினும் எல்லாக் கடவைகளிலும் உடனே பாலம் கட்டிவிட இயலாது. பாலம் இல்லாத இடங்களில் கேட்டும் சட்டமும் ஓட்டுநரின் நிதானமுமே காவல்.

சட்டம் யாரிடம் பொறுப்பை ஒப்படைத்தது?

1890-ஆம் ஆண்டின் இந்திய இரயில்வே சட்டம், கடவைகளில் வேலியும் கேட்டும் அமைக்குமாறு இரயில்வே நிர்வாகத்தைப் பணிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. அதாவது, பொதுமக்களைக் காக்கும் முதற்பொறுப்பு நிர்வாகத்தின்மீது வைக்கப்பட்டது. அது இன்றும் அவ்வாறே உள்ளது.

பின்னர் மோட்டார் வாகனங்கள் பெருகியபோது ஓட்டுநரின் பங்கும் சட்டத்தில் இடம்பெற்றது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆவது பிரிவை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? காவல் இல்லாத கடவையை அடையும்போது ஓட்டுநர் வாகனத்தை நிறுத்த வேண்டும். நடத்துநரோ, கிளீனரோ, உடன் இருப்பவரோ இறங்கிச் சென்று, இரயிலோ டிராலியோ வரவில்லை என்று உறுதி செய்து, முன்னால் நடந்து வாகனத்தைக் கடத்திவிட வேண்டும். அப்படி யாரும் இல்லையெனில் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும். 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 161-ஆவது பிரிவு, ஆளில்லாக் கடவையில் நின்று பார்க்காமல் கடப்பதையே கவனக்குறைவு எனக் குறிப்பிட்டு, ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. அடைக்கப்பட்ட கேட்டைப் பிறர் திறந்தால் மூன்றாண்டு வரையிலும், உடைத்தால் ஐந்தாண்டு வரையிலும் சிறை என்கிறது 160-ஆவது பிரிவு.

உயிர்கள் கொடுத்த பாடம்

சட்டம் ஏட்டில் இருந்தது, சாலையில் இல்லை. 2014 ஜூலை 24 அன்று, இன்றைய தெலங்கானாவின் மேடக் மாவட்டம் மாசாய்ப்பேட்டையில் ஆளில்லாக் கடவையைக் கடந்த பள்ளிப் பேருந்தின்மீது இரயில் மோதி, பத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகள் மாண்டனர். 2018 ஏப்ரல் 26 அன்று உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் இதே போன்றதொரு விபத்தில் 13 குழந்தைகள் உயிரிழந்தனர். அங்கே எச்சரிப்பதற்கென்று ஒருவர் நிறுத்தப்பட்டிருந்தார். ஓட்டுநரோ காதில் இயர்போன் அணிந்திருந்ததாகச் செய்திகள் வெளிவந்தன.

அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்பு ஆய்வுக் குழு, ஆளுள்ளவை, ஆளில்லாதவை என்ற வேறுபாடின்றி எல்லாக் கடவைகளையும் ஐந்தாண்டுகளுக்குள் அகற்றுமாறு 2012-இலேயே பரிந்துரைத்திருந்தது. 2014-இல் நாட்டில் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆளில்லாக் கடவைகள் இருந்தன. 2019 ஜனவரி இறுதிக்குள் அகலப்பாதைகளில் அவை முற்றிலும் நீக்கப்பட்டன. சில மூடப்பட்டன, சில சுரங்கப்பாதைகளாயின, சிலவற்றில் கேட் கீப்பர் அமர்த்தப்பட்டார். இது மெச்சத்தக்க பணி என்பதில் ஐயமில்லை.

கேட் இருந்தால் மட்டும் போதுமா? அண்டை நாடான இலங்கையில் 2005 ஏப்ரல் 27 அன்று பொல்கஹவெல அருகே யாங்கல்மோதரவில் நடந்ததைக் கேளுங்கள். மற்றொரு பேருந்துடன் போட்டியிட்டு ஓடிய தனியார் பேருந்து ஒன்று, அடைக்கப்பட்டிருந்த கேட்டைச் சுற்றிக்கொண்டு பாதையில் ஏறியது. இரயில் மோதி முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட பயணிகள் மாண்டனர். அங்கே கேட் தன் கடமையைச் செய்தது. ஓட்டுநர் செய்யவில்லை.

செம்மங்குப்பம்

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2025 ஜூலை 8 அன்று காலை கடலூர் அருகே செம்மங்குப்பத்தில், ஆளுள்ள கேட்டைக் கடந்த பள்ளி வேன்மீது விழுப்புரம் – மயிலாடுதுறை பயணிகள் இரயில் மோதியது. மூன்று மாணவச் செல்வங்கள் உயிரிழந்தனர். ஓட்டுநர் வற்புறுத்தியதால் வேன் அனுமதிக்கப்பட்டதாக இரயில்வே தரப்பில் முதலில் கூறப்பட்டது. கேட் திறந்தே கிடந்தது என்று வேனில் இருந்தவர்கள் கூறினர். கேட் கீப்பர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டுக் கைதானார்.

இங்கே ஒரு செய்தியை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். கேட்டுகள் இரு வகைப்படும். சிக்னலுடன் பிணைக்கப்பட்ட கேட்டில், கேட் அடைபட்டுப் பூட்டப்பட்டால்தான் இரயிலுக்குப் பச்சை விளக்கு விழும். பிணைக்கப்படாத கேட்டில், நிலைய அதிகாரி தொலைபேசியில் அழைக்கிறார். கேட் கீப்பர் அடைத்துவிட்டதாகச் சொல்லி இரகசிய எண் ஒன்றைத் தருகிறார். அந்தச் சொல்லை நம்பி இரயில் புறப்படுகிறது. செம்மங்குப்பம் கேட் அன்று இரண்டாம் வகையாக இருந்தது. ஒரு மனிதரின் வாய்ச்சொல்லே அங்கு பாதுகாப்பு!

ஒரு நாளில் கடக்கும் இரயில்களின் எண்ணிக்கையையும் சாலை வாகனங்களின் அலகையும் பெருக்கி வரும் தொகையைக் கொண்டே எந்தக் கேட்டைச் சிக்னலுடன் பிணைப்பது என்று முடிவு செய்கிறார்கள். அதுவரை 20,000 ஆக இருந்த அந்த வரம்பு, விபத்துக்குப் பின் 10,000 ஆகக் குறைக்கப்பட்டது. கேட்டுகளில் கண்காணிப்புக் கேமரா பொருத்தவும் ஆணையிடப்பட்டது. அந்தக் குழந்தைகள் போன பிறகே இவை வந்தன என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

கேட் கீப்பரின் தவறுக்கு ஓட்டுநரைப் பலியாக்குவது நீதியாகாது. நிர்வாகம் தன் குறையை ஓட்டுநர்மீது ஏற்றித் தப்பிக்கவும் கூடாது. ஆயினும் பிறர் தவறும் நாளில் நம்மைக் காப்பது எது? திறந்த கேட்டின் முன்னும் ஒரு கணம் நின்று இருபுறமும் பார்க்கும் பழக்கம் ஒன்றே.

நம் கடமை

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரயில் ஒரு நொடியில் 25 மீட்டரைக் கடக்கிறது. அரைக் கிலோமீட்டர் தொலைவில் தெரியும் இரயில் இருபதே நொடியில் நம்மை அடைந்துவிடும். அவசரத் தடை போட்டாலும் அது பல நூறு மீட்டர் ஓடியே நிற்கும். வழிவிட்டு ஒதுங்கவும் அதனால் இயலாது. ஒதுங்க இயன்றவர் சாலையில் வரும் ஓட்டுநர் மட்டுமே. ஆகவேதான் சட்டமும் அறிவும் அவரை நிற்கச் சொல்கின்றன.

எனவே ஆட்டோ, வேன், லாரி ஓட்டும் நம் சகோதரர்கள், கடவையை நெருங்கும்போது பாட்டை நிறுத்தி, கைப்பேசியை வைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்துக் கேட்கட்டும். எதிர்ப்புறம் தம் வாகனம் நிற்க இடம் இருந்தால் மட்டுமே பாதையில் ஏறட்டும். ஓர் இரயில் போனதும் மறுபாதையில் மற்றொன்று வரலாம் என்பதை நினைவில் கொள்ளட்டும். கேட் கீப்பரிடம் "ஒரே ஒரு வண்டி, திறந்துவிடுங்கள்" என்று கெஞ்சுவதும் அதட்டுவதும் அவரைத் தவறு செய்யத் தூண்டுவதாகும்.

வாகனத்தில் அமர்ந்திருப்போருக்கும் பங்குண்டு. நிக்காஹ் வேனில் இருந்துகொண்டு "நேரமாகிவிட்டது, விரைந்து போங்கள்" என்று ஓட்டுநரை நெருக்குகிறோம். பள்ளிக்கும் மக்தபுக்கும் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேனைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தைக் கேட்கிறோம். அந்த ஓட்டுநர் கேட்டில் நிற்பவரா என்று கேட்பதில்லை.

ஓட்டுநரின் பின்னால் அமர்ந்திருக்கும் ஒவ்வோர் உயிரும் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கேட் திறந்திருந்தது என்ற பதில் விசாரணையில் அவரை விடுவிக்கலாம்; போன உயிரை அது மீட்டுத் தராது. நின்று பார்ப்பதால் நாம் இழப்பது ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தை மனமுவந்து கொடுக்கும் பொறுமையை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!